கரண்டி டப்பா

பழங்காசு சேர்ப்பவர்கள் என்று மாதம் ஒருமுறை தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடும் அந்த ஆண்களைப் பார்த்தாலே ஆர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். காப்பி ஊற்றித் தருவது அவள்தான். ஆப்பிள் பை பலகாரத்தை அறுத்து வைப்பது அவள்தான். நாற்காலியை மடக்கிவிட்டுப் போவதும் அவள்தான். அவர்களுக்கு என்ன வேலை? ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் அடித்த வெள்ளி டாலரை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, அதில் தங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பதுதான். புது அச்சில் முதல் முதலாக அடித்த டாலர்கள் கண்ணாடிபோலப் பளபளக்குமாம். பெரிய அதிசயம். வீட்டுக் குளியலறையில் இதைவிடப் பெரிய கண்ணாடி இருக்கிறது, அதில் பார்த்தால்தான் லட்சணம் தெரிந்துவிடுமே.

அவள் புருஷன் க்ளேர் மட்டும் உள்ளே வருவதில்லை. ஏழெட்டு வருடமாக அவளை வாசலில் இறக்கிவிட்டு, கூட்டம் முடியும்வரை பிக்கப் வண்டியிலேயே உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்கிறான். காரணம் அந்தக் கூட்டத்தில் ஒருவனான மெர்ல் குங்கிள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் க்ளேர் தன் டாலரின் மேல் தும்மிவிட்டான். பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தான். இந்தக் கூட்டத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கண்ணாடி முகத்தில் துணி பட்டால் மெல்லிய கீறல் விழும், அது ஏழு ஜென்மத்துக்கும் போகாது. மெர்ல் அந்த டாலரைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான். "வெள்ளியத் துடைக்கிறவனுக்கு இங்க என்னய்யா வேலை? வீட்டுக்குப் போயி கரண்டி தேய்யா," என்றான். காப்பி மேசையில் கரண்டி போட்டு வைக்கும் தகர டப்பாவில் அந்த டாலரை டங்கென்று எறிந்தான். துடைத்த காசெல்லாம் இனி அதில்தான் கிடக்க வேண்டும் என்று அன்றே ஒரு விதியும் போட்டான். க்ளேரின் டாலர் இன்னமும் கரண்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் அதைப் பார்க்கும்போது ஆர்லீனுக்கு வயிறெரியும். அந்த மனுஷன் பழையபடி உள்ளே வந்து, நாலு பேரோடு உட்கார்ந்து, ஒரு துண்டு பை தின்றால் போதும் என்று அவள் ஏங்கினாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

இந்தச் செப்டம்பரில் க்ளேர் வண்டியை நிறுத்தியதும் ஒரு சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தான்.

"போட்டியில வை. சான் பிரான்சிஸ்கோவுல அடிச்சது."

"நீயே கொண்டுவந்து வையேன்."

"அவன் காச இது ஜெயிச்சா வர்றேன். இல்லாட்டி வண்டியிலயே கெடக்குறேன், விடு."

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் போட்டி அது. அடிக்கோலின் ஒரு முனையில் டாலரை நிறுத்தி, எதிரே செய்தித்தாள் துண்டைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போவார்கள். எவ்வளவு தூரம்வரை எழுத்து டாலரில் படிக்க வருகிறதோ அவ்வளவு ஆழம் அந்தக் கண்ணாடி. ஜெயிப்பது எப்போதும் மெர்ல். நடுவரும் மெர்ல்தான். அந்த நியாயத்தை யாரும் கேட்டதில்லை.

க்ளேரின் டாலரை வைத்தார்கள். துண்டு போய்க்கொண்டே இருந்தது. போன வருடம் மெர்லின் டாலர் எட்டிய கோட்டைத் தாண்டியும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. தலைவர் எல்வுட் ட்ரெக்ஸ்லர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எனக்குப் படிக்க வருதுப்பா," என்றார்.

மெர்லுக்குப் பொறுக்கவில்லை. வாயில் உப்புத் தூவிய பிரெட்ஸல் பிஸ்கட். போதாக்குறைக்குப் புதுப் பல்செட் வேறு, அது இன்னும் அவன் சொல்பேச்சுக் கேட்கப் பழகவில்லை. தன் டாலரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"பேசாம பாருங்க மெர்ல்," என்றாள் ஆர்லீன். காசைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதிதான்.

"நீ காப்பிய ஊத்தும்மா. சொரணை இருக்கிறவனுக்குத்தான் இது புரியும். அந்தச் சப்பைக் காச இதுகூடச் சேத்து..."

தெறித்தது. பிரெட்ஸல் துணுக்கோடு ஒரு சொட்டு எச்சில் அவன் டாலரின் நடுமுகத்தில் உட்கார்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். பார்த்த கையோடு கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துவிட்டான்.

உப்பும் துணுக்கும் சேர்ந்து இழுத்த கீறல் விளக்கு வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. உலகத்துக்கே பாடம் எடுத்தவன், பச்சைப்பிள்ளை மூக்கைத் துடைப்பதுபோல அல்லவா துடைத்துத் தொலைத்தான்.

எல்வுட் தொண்டையைச் செருமினார். "விதி நீ போட்டதுதானேப்பா மெர்ல்."

ஆர்லீன் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு இனித்தது, அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை. மெர்ல் டாலரைப் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவள் ஏறக்குறைய ஓடினாள். வண்டிக் கதவைத் திறந்து, நடந்ததை மூச்சுவாங்கச் சொன்னாள். க்ளேர் சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தான். அவன் நடையில் இத்தனை வேகத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த ஆப்பிள் பையைத் தட்டில் வைத்துக் காத்திருந்தாள்.

க்ளேர் பையைப் பார்க்கவில்லை. நேரே டப்பாவிடம் போய்க் கரண்டிகளைக் கிளறினான். தன்னுடைய பழைய டாலர் கைக்கு வந்தது. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு மெர்லின் டாலரை எடுத்து விளக்கடியில் உயர்த்திக் காட்டினான்.

"இத்தன நாள் இதுக்குத்தான் மாலை போட்டீங்களா? அவன வீட்டுக்குப் போயி கரண்டி தேய்க்கச் சொல்லுங்கய்யா."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. க்ளேர் மெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பக்கத்திலிருந்த ஒரு சாதுவான ஆளின் டாலரை வாங்கி, உதட்டைப் பிதுக்கினான். "இதெல்லாம் ஒரு கண்ணாடியாய்யா? எங்க வீட்டுச் சட்டி இதவிடப் பளபளக்கும்." அப்புறம் திரும்பாமலே, "ஆர்லீன், காப்பி," என்றான்.

தூ, இந்த ஆளுக்காகவா இத்தனை வருடம் வயிறெரிந்தோம் என்றிருந்தது அவளுக்கு. அவமானத்தில் குமைகிறான் என்று நினைத்தாளே, அவன் தன் முறை வரட்டும் என்றல்லவா காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துக் காப்பிப் பானையின் மேல் போட்டாள். பைத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பிக்கப்பில் ஏறி ரேடியோவைத் திருகினாள். ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸில் இருந்தது. நிம்மதியாக இரண்டு வாய் தின்றிருப்பாள், யாரோ வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்கள். மெர்ல்.

இறக்கினாள்.

"ஸ்கோர் என்ன ஆர்லீன்?"

"உங்க வண்டியிலயும் ரேடியோ இருக்குல்ல மெர்ல்? போயி அதுல கேளுங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள்.