சடையை அவிழ்த்தவள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சுருளிப்பட்டியில், வெங்காயம் உரிக்கும்போது. தன்னார்வலர்கள் நடத்திய பெண் பிள்ளைகளின் கோடை முகாம் அது. ஒரு பள்ளிக்கூடத்திலேயே எல்லாரும் தங்கியிருந்தோம். நான் கதை சொல்லப் போயிருந்தேன். கூட உட்கார்ந்து உரித்த தன்னார்வலர் ஞானசெல்வி, "பேரை மட்டும் மாத்திட்டு எழுதிக்கோங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மலையிலிருந்து இறங்கிய காற்று திராட்சைப் பந்தலை…' வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை.

இன்னொன்று: காலையில் பிள்ளைகள் சடை பின்ன வரிசையில் நின்றார்கள். பின்னிவிடுகிறவள் ஞானசெல்வி. அவர்களில் இவாஞ்சலின் என்ற பிள்ளை பின்னிக்கொண்டு போனாள். குழாயடிக்குப் பின்னால் மறைந்து நின்று ரிப்பனை உருவினாள். சடையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் வந்து நின்றாள்.

"ஏத்தா, இப்பத்தான பின்னிவிட்டேன்?"

"அவுந்துருச்சுக்கா."

முகாமில் எல்லாருக்கும் ஞானசெல்வி அக்காதான். இவாஞ்சலினுக்கு மட்டும் அம்மா. (இதைக் கடைசிவரை ஒளித்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாமா என்று யோசித்தேன். அந்தப் பிள்ளை ஒளித்தது போதும்.)

3

போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜெபமணியும் ஞானசெல்வியும் பிரிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் அப்பாவோடு, அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அம்மாவும் மகளும் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது அப்பா வீட்டுக் கட்டளை. போன கோடையில் தற்செயலாக இங்கே சந்தித்தார்கள். இந்தக் கோடையில் இவாஞ்சலின் அடம்பிடித்து வந்தாள்.

"வாய் தவறி அம்மான்னு வந்துறக் கூடாது, என்ன? தெரிஞ்சா அடுத்த வருசம் விடமாட்டாக."

முதல் நாளே ஞானசெல்வி சொன்னதற்கு இவாஞ்சலின் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அம்மாவின் கை தன்மேல் படுவதற்கு அந்த வரிசையை விட்டால் அவளுக்கு வழியில்லை. பின்கழுத்தில் விரல்கள் படும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஞானசெல்வியும் அந்தத் தலைக்கு மட்டும் வகிடு கோணல் என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

4

கடைசி நாள் மதியம் ஜெபமணி அழைத்துப்போக வந்தார். ஞானசெல்வி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் ஜெபமணி பல்லைக் கடித்தார், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார், அப்புறம் ஒரு… அந்த வரிகளை அடித்துவிட்டேன். நான் அங்கே நின்றிருந்தேன். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அடுப்படிப் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"சொல்ல வேண்டியவககிட்ட சொல்லிட்டியா?"

இவாஞ்சலினுக்கு முகம் வெளுத்தது. "யாருகிட்டப்பா?"

"அங்கன உள்ள இருக்காகள்ல."

(அந்த 'இருக்காக' என்னுடையதல்ல. பிரிந்த மனைவிக்கு அந்த மரியாதையைக் கொடுக்க எனக்குத் தோன்றியிருக்காது.)

"போயிட்டு வா. மெதுவாவே வா. நான் வண்டிகிட்ட நிக்கிறேன்."

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்?

5

அவள் ஓடினாள். கதவு திறந்தது, மறுபடியும் சாத்திக்கொண்டது. உள்ளே என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். எல்லாம் கதவுக்கு வெளியே நின்றவன் எழுதியவை. கிழித்துவிட்டேன்.

வேண்டுமானால் நீங்கள் உள்ளே போங்கள். அவசரமில்லை. ஜெபமணி இன்னும் வண்டியைக் கிளப்பவில்லை.