ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு உப்புக்கொத்திகள்

என் கணவர் பாஹிம் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் இனி அவரைத் திட்டப் போகிறேன்.

நான் ரிஸ்லா. கிண்ணியாவில் மருந்துக்கடை ஒன்றில் வேலை. பகலெல்லாம் மாத்திரை எண்ணுகிறவள். நான் எண்ணிக் கொடுத்ததில் ஒரு பனடோல் குறைந்ததென்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. மாத்திரையை விட்டால் நான் எண்ணுவது பறவைகளை. ஆவணி பிறந்து வெயிலில் குளங்களெல்லாம் வற்றிக் கிடக்கும்போது, தம்பலகாமக் குடாவின் சேற்றுக்கு எங்கோ வடக்கே குளிர் நாட்டிலிருந்து உப்புக்கொத்திகள் வந்து இறங்கும். கைக்குள் அடங்குகிற பறவை. சேற்று நிறம். நாலடி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். கடை பூட்டுகிற வெள்ளிக்கிழமைகளில், சுபஹுத் தொழுதுவிட்டு, அபாயாவை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஆறு வருடமாக அந்தச் சேற்றில் நிற்கிறேன். "மருந்துக்கடை ரிஸ்லாவுக்கு மருந்து காணாதாம்" என்று, தலை பிசகியவள்போல, ஊரில் கதை. கதைக்கட்டும்.

எங்கள் மாவட்டத்தில் பறவை பார்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். செப்டெம்பரில் ஒரு நாள், எல்லாச் சேற்றிலும் ஒரே காலையில் எண்ண வேண்டும். தவறினால் அந்த வருடம் தவறியதுதான். எங்கள் சேற்றை இருபத்திரண்டு வருடமாக எண்ணியவர் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் இராசதுரை சேர். நில அளவைத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் முன்னூறு என்றால், தானும் ஒருதரம் பார்த்துவிட்டு, "இருநூற்றித் தொண்ணூறு எண்டு போடுவம், பிள்ளை" என்பார். அந்தப் பத்துப் பறவையை அவர் என்னிடமிருந்து வெட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு பற்றி எரியும்.

இந்த வருடம் முழங்கால் நோவு அவரைச் சேற்றில் இறங்க விடவில்லை.

"நீங்கள் எண்ணுங்கோ, பிள்ளை. நான் மதகில சும்மா இருக்கிறன். கணக்கு ஒழுங்கா வந்தா அடுத்த வருசத்தில இருந்து இந்தச் சேறு உங்கட பொறுப்பு" என்றார்.

என் பொறுப்பு. என் பெயரில். அன்றிலிருந்து ஒரு கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நபியை வாழ்த்தி ஸலவாத்து ஓதும்போது எண்ணுவதற்கு விரலில் மோதிரம்போல மாட்டும் சின்ன மெஷின் ஒன்று இருக்கிறதே, மக்காவுக்குப் போய் வருகிறவர்கள் பேரீச்சம்பழத்தோடு சேர்த்து ஊருக்கெல்லாம் பங்கிடுவது, அதுதான் நான் பறவை எண்ணும் கருவி. ஓர் அழுத்துக்கு ஒரு பறவை. கண் தொலைநோக்கியில் இருக்கும். பெருவிரல் தன்பாட்டில் அழுத்திக்கொண்டே போகும்.

அன்று காலை கிழக்குப் பக்கத்துச் சேற்றை எண்ணி முடித்தேன். மேற்குப் பக்கத்துக்குப் போக முழங்கால் தண்ணீரில் ஒரு வாய்க்காலைக் கடக்க வேண்டும். தோளில் தொலைநோக்கி, முக்காலி, கையெல்லாம் சேறு. மெஷின் வழுக்கி விழுந்துவிடுமோ என்று பயந்து, கழற்றிப் பின்னால் வந்த பாஹிமிடம் கொடுத்தேன். அதில் எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

வாய்க்கால் நடுவில் ஒன்பது எருமைகள் படுத்துக் கிடந்தன. எழுப்பினால் மிரண்டு ஓடும். அவை ஓடினால் மேற்குப் பக்கத்துப் பறவை முழுவதும் எழும்பிவிடும். ஆகவே எருமைகளுக்கு மனம் வரும்வரை காத்திருந்தோம். அரைமணி நேரம். நான் முன்னால் நின்று அவற்றை முறைத்துக்கொண்டிருந்தேன். பாஹிம் பின்னால் சத்தமில்லாமல் நின்றார். மனிதர் எவ்வளவு பொறுமை என்று அப்போது நினைத்தேன்.

எருமைகள் போன பிறகு மெஷினை வாங்கி மாட்டிக்கொண்டு மேற்குப் பக்கத்தையும் எண்ணினேன். கடைசியில் பார்த்தால் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் சேற்றில் ஒரு நாளும் ஆயிரம் தாண்டியதில்லை. கொஞ்சம் அதிகமோ என்று மனம் சொன்னது. பேசாமல் இரு என்று நான் மனத்துக்குச் சொன்னேன்.

மதகுக்கு வந்து சேரிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், தன் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"ஆயிரத்து நானூற்றிப் பன்னிரண்டு" என்று அப்படியே தாளில் எழுதினார். ஒரு பறவையைக்கூட வெட்டவில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பாஹிம் குசினி வாசலில் நின்று கேட்டார்.

"ரிஸ்லா, அந்த மெஷின்ல கடைசியா எத்தின நிண்டிச்சு?"

"ஏன்?"

"இல்ல, நான் ஓதினது எத்தின எண்டு பாக்க மறந்திட்டன்."

கழுவிக்கொண்டிருந்த பீங்கானை மெதுவாகக் கீழே வைத்தேன்.

"என்னத்த ஓதினீங்க?"

"ஸலவாத்துத்தான். எரும எழும்புற வரைக்கும் சும்மா நிக்கிறதா? கையில மெஷின் இருந்திச்சு, விரல் தானாப் போயிட்டு. நூறு ஓதுவம் எண்டுதான் தொடங்கினனான். மறுகா நல்லா இருந்திச்சு, விடாம ஓதினன்."

"நூறா, இருநூறா, ஐநூறா?"

"அதத்தானே உங்களிட்டக் கேக்கிறன்."

நபியின் மேல் ஸலவாத்து ஓதிய மனிதரை என்னவென்று ஏசுவது? வாய்வரை வந்த அத்தனையையும் விழுங்க வேண்டியதாயிற்று. இப்படி ஒரு அநியாயம் வேறு எந்தப் பெண்ணுக்கும் நடந்திருக்காது. வெறுமனே சிகரெட் புகைத்துக்கொண்டு நின்றிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

"சேரும் ஒண்டும் சொல்லல்லயே. விட்டிருங்க. குருவி வந்து கணக்குக் கேக்கவா போகுது?" என்றார்.

விட்டுவிடத்தான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அரைமணி நேரம் கதிரையில் இருந்து, விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஆனால் அடுத்த வருடம் உள்ளது உள்ளபடி தொள்ளாயிரம் வந்தால், பறவை குறைந்துபோயிற்று, எங்கே செத்தது, யார் கொன்றது என்று எல்லோரும் தேடுவார்கள். அவர்கள் தேடப்போவது பாஹிமின் ஸலவாத்தை. அப்படி ஒரு கணக்கை என் பெயரில் வைத்துக்கொண்டு அந்தச் சேற்றில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"பைக்கை எடுங்க" என்றேன்.

ஓர்ஸ் ஹில்லில் பாஹிம் சேர் வீட்டு வாசல் கேற்றடியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரப் பயம். கதவைத் திறந்த சேரின் மனைவி இரத்தினேஸ்வரி அக்காவின் முகம் சரியில்லை.

"நல்ல நேரம் வந்தனீங்கள். வந்ததில இருந்து மனுசன் ஒண்டும் சாப்பிடேல்ல. கண் டொக்டருக்கு நம்பர் எடுக்கச் சொல்லி ஆக்கினை."

சேர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். மடியில் அவருடைய தொலைநோக்கி, துவாயால் சுற்றியபடி. என்னுடையது கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்த பழையது. அவருடையதில் பார்த்தால் உப்புக்கொத்தியின் இமை தெரியும்.

"வாங்கோ பிள்ளை. நானே கொண்டுவந்து தர இருந்தனான்" என்று அதைத் தூக்கி என் கையில் வைத்தார். "இது இனி உங்களுக்கு. எனக்கு உதவாது."

அதன் பாரம் கையில் இருக்க வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மெஷின், எருமை, ஸலவாத்து எல்லாம். "கணக்குப் பிழை, சேர். என்னில தான் பிழை. அத வெட்டிப்போடுங்க."

சேர் கதிரையில் முன்னால் நகர்ந்து இருந்தார்.

"அப்ப, அது ஆயிரத்து நானூறு இல்லையோ?"

"இல்ல சேர். எத்தினை எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார். "நான் மதகில இருந்து களவா எண்ணினனான். தொளாயிரத்து அறுபத்திரண்டு. உங்கட கணக்கைக் கேட்ட உடனே, நானூற்றைம்பது குருவி என்ர கண்ணுக்குத் தெரியேல்ல, இராசதுரை முடிஞ்சான் எண்டு நினைச்சு என்ர தாளைக் கிழிச்சு எறிஞ்சிட்டன்."

சொல்லிக்கொண்டே எழுந்தார். முழங்காலைப் பிடிக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "இரத்தினம், சோத்தைப் போடு. டொக்டர் வேண்டாம் எண்டு சொல்லு" என்று குரல் கொடுத்தார். பிறகு சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானைப் பறிக்கிறமாதிரி, என் கையிலிருந்த தொலைநோக்கியைத் துவாயோடு வாங்கிக்கொண்டார்.

"அடுத்த வருசமும் நானே எண்ணுறன், பிள்ளை. மதகில இருந்தே வடிவாத் தெரியுது. நீங்கள் பக்கத்தில இருந்து எழுதுங்கோ."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோசம்தான். சத்தியமாகச் சந்தோசம். அந்தத் தொலைநோக்கியைக் கொண்டுபோய் என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

கேற்றடிக்கு வந்தேன். பாஹிம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

"சேர் என்ன சொன்னாரு?"

"அவருக்குக் கண் நல்லாத் தெரியுதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர், நெஞ்சில் கைவைத்து.

நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.