வியோலாவுக்கு எழுதியது

ஆன்னெக்ரெட்டுக்கு மருந்துக்கடை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஊர் வாத்தியக் குழுவில் வியோலா வாசிப்பாள். வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது. மெட்டை வயலின்கள் கொண்டுபோகும். அடிக்குரலைப் பெரிய செல்லோக்கள் பார்த்துக்கொள்ளும். நடுவில் கிடந்து இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் வியோலாவின் வேலை. இத்தனை வருடத்தில் ஒருவரும் அவளிடம் வந்து, இன்று நீங்கள் வாசித்தது நன்றாக இருந்தது என்று சொன்னதில்லை. அதை அவள் குறையாக நினைத்ததும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் க்ரோய்ஸல் வந்து சேர்ந்தார். அந்த ஊர் அரண்மனையில் முந்நூறு வருடங்களுக்கு முன் சங்கீதம் எழுதிக்கொண்டிருந்தவர். அரண்மனை எரிந்தபோது அவர் எழுதியதும் எரிந்துபோனது. தீயணைப்பு நிலையம் இருக்கும் தெருவுக்கு அவர் பெயர். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். இப்போது பக்கத்துக் கிராமத்துத் தேவாலயப் பரணில் அவருடைய வாத்தியக் குழு இசை ஒன்று அகப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள்கள்.

"எல்லாம் இருக்கு. வியோலா மட்டும் இல்ல," என்றான் குழுவை நடத்தும் ரூடிகர்.

"தொலைஞ்சு முந்நூறு வருஷமாச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தர் தேடறார்," என்றார் லோதார். ஆன்னெக்ரெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியோலா வாசிப்பவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ரூடிகர் அவளைப் பார்த்தான். "நீயே எழுதிடேன். மேல என்ன போகுது, கீழ என்ன போகுதுன்னு கையில இருக்கு. நடுவுல என்ன வரும்னு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுதினாள். வேகமான பகுதிகள் தாமாகவே வந்துவிட்டன. மெதுவான பகுதியில்தான் தடுமாறினாள். அங்கே ஓபோக் குழல் ஒன்று தனியாகப் பாடுகிறது, பாடிவிட்டு நிறுத்துகிறது, பிறகு அதையே இன்னும் தாழ்ந்த குரலில் பாடுகிறது. நிறுத்துகிற இடத்தில் அவள் ஒரு சின்ன மெட்டு வைத்தாள், ஓபோவுக்குப் பதில் சொல்வதுபோல.

ஒத்திகையில் அதை வாசித்து முடித்ததும், ஓபோ வாசிக்கும் ஸில்க்கே திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்துச்சு, ஆன்னெக்ரெட்." வீடு வரைக்கும் அந்தச் சொல் அவள் கூடவே வந்தது.

கச்சேரிக்குச் சில வாரங்கள் இருக்கையில் ரூடிகர் மருந்துக்கடைக்கு வந்தான். எதுவும் வாங்காமல் இருமல் மருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, சொல்லு."

"போலந்துல ஒரு நூலகத்துல இன்னொரு பிரதி இருக்கு. வியோலாவோட."

அந்தப் பிரதியின் படங்களை அவன் நீட்ட, அவள் வாங்கிப் பார்த்தாள். முதல் பகுதி ஏறக்குறைய அவள் எழுதியதேதான். முகம் மலர்ந்தது. மெதுவான பகுதிக்கு வந்தாள். அங்கே இசைக்குறிப்பே இல்லை. லத்தீனில் ஒரே ஒரு சொல்: வாசிக்காதே.

"உன்னோடதையே வாசிப்போம். நிஜமாவே நல்லா இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் ரூடிகர்.

அவளுக்குக் கோபம் வந்தது. ரூடிகர்மேல் இல்லை, க்ரோய்ஸல்மேல். விஷயம் கேட்ட லோதாருக்கு அதைவிட. "மனுஷன் நம்மள வெளிய உக்கார வெச்சுட்டான் பாருங்க. இவனுக்குப் போய் ஒரு தெரு."

ஆனாலும், ஒருமுறை க்ரோய்ஸல் சொன்னபடி வாசித்துப் பார்க்கலாம் என்று அவள்தான் கேட்டாள். அடுத்த ஒத்திகையில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓபோ பாடியது. நின்றது. யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் அதையே பாடியபோது ஆன்னெக்ரெட் நிமிர்ந்து பார்த்தாள். பதில் வராததால் தாழ்ந்த குரல் அது; தன் மெட்டுக்கு எதிரொலி என்றல்லவா நினைத்திருந்தாள்!

"அந்த இடத்துல எனக்கு பயமா இருக்கு. நீ இருந்தாத்தான் தைரியம்," என்றாள் ஸில்க்கே.

"க்ரோய்ஸல் அங்க கூப்பிட்டுட்டுக் காத்துட்டு இருக்கார், ஸில்க்கே. நான் நடுவுல புகுந்து பேசிட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர மனம் ஆறவில்லை. அந்தப் பகுதிக்குத் தான் எழுதிய தாளைப் பெட்டிக்குள் வைக்கும்போது கை தயங்கியது.

கச்சேரியன்று தேவாலயம் நிறைந்திருந்தது. அந்த மெதுவான பகுதியில் ஒருவர்கூட இருமவில்லை. முடிந்ததும் ஸில்க்கேயைச் சுற்றிக் கூட்டம். ஆன்னெக்ரெட்டிடம் வந்தது அவளுடைய வாடிக்கையாளர் ஒரு அம்மாள் மட்டும்தான்.

"நடுவுல நீங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தீங்களே, பக்கம் தவறிப் போச்சா?"

"இல்லம்மா, அப்படித்தான் எழுதியிருக்கார்," என்றாள் ஆன்னெக்ரெட்.

லோதாரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வருடம் வேறு ஊர்க் குழுக்களும் அதை வாசிக்கத் தொடங்கின. லைப்ஸிக் நகரில் ஒரு பெரிய குழு வாசிப்பதைக் கேட்க ஆன்னெக்ரெட் ரயிலேறிப் போனாள். மெதுவான பகுதி வந்தது. வியோலாக்காரர்கள் வில்லை இறக்கி வைத்தார்கள். அவர்களில் ஒரு பெண் தலையைச் சாய்த்து ஓபோ பாடுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆன்னெக்ரெட் கடைசிவரை அவளையே கவனித்தாள்.