ஐஸ் மெலிந்து விழுவதற்கான காரணங்கள்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. பம்பலப்பிட்டியில் நான் போகும் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஹெக்டர் சேர், கண்ணில் படும் ஆங்கிலத் தாள் ஏதாவது ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு வரச் சொன்னார். மற்றவர்கள் மருந்துப் பெட்டித் தாளையும் வங்கிக் கடிதத்தையும் கொண்டுவந்தார்கள். என்னிடம் இருந்தது கடைக்காரன் வறுத்த கடலையைச் சுற்றிக் கொடுத்த தாள். தானாக ஐஸ் செய்யும் வெளிநாட்டுப் பிரிட்ஜ் ஒன்றின் கையேட்டில் ஒரு பக்கம். அதில் ஓர் அட்டவணை: குறை, காரணம், செய்ய வேண்டியது.

ஒரு குறைக்கு நேரே இரண்டு காரணங்கள் இருந்தன. குறை: ஐஸ் கட்டிகள் மெலிந்து, நடுவில் குழிவாக விழுகின்றன. முதல் காரணம்: தண்ணீர் வரும் வழியில் வடிகட்டி அடைத்திருக்கலாம். இரண்டாவது காரணம்: அதே குழாயில் வேறு யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வேறு யாரோ. அதை எழுதியதும் பேனையை மூடி வைத்தேன். ஆட்களைப் பிடித்து ஏற்றும் பொலிஸ் லொறி நின்றால் சனம் மறுபக்கத்துக்குக் கடந்து நடக்கும் கொழும்பில், ஒரு வீட்டில் வேறு யாரோ இருப்பது பிரிட்ஜ் செய்தவன் நினைத்த மாதிரிச் சின்ன விஷயம் இல்லை.

(எங்கள் வீட்டில் பிரிட்ஜே கிடையாது. ஆகவே கீழே வரும் வீட்டை யாரும் தேடிப் போகவேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "மெய்யம்மை ஐஸ் பெட்டியைத் திறந்தபோது குளிர் அவள் முகத்தில் ஒரு..." வெட்டிவிட்டேன். குளிர் குளிராகவே இருக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், இலக்கம்..." இலக்கத்தை எழுத மாட்டேன். இந்தக் கொப்பி என் பையில்தான் கிடக்கிறது. பையைத் தினமும் சோதனைச் சாவடியில் யாராவது திறந்து பார்க்கிறார்கள்.

மூன்றாவது நிற்கிறது:

அந்த மாதம் ஆதப்பனுக்குத் தன் வீட்டு ஐஸின் மேல் சந்தேகம் வந்தது.

ஆதப்பன் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்பவர். இந்தியக் கடவுச்சீட்டு, விசாவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அந்தப் பிரிட்ஜை வாங்கி, வாடகைக்கு இருந்த கீழ்வீட்டின் சமையலறையில் வைத்திருந்தார். குழாயிலிருந்து தானே தண்ணீர் எடுத்து, தானே உறைய வைத்து, தானே கொட்டும் பெட்டி. சனிக்கிழமை மாலைகளில் வரும் நண்பர்களைக் கூப்பிட்டுவந்து கதவைத் திறந்து காட்டுவார்.

"முந்தியெல்லாம் வழிய வழிய கெடக்கும். இப்ப அடியில நாலு சீவல். ஐஸ் எங்க போகுது?" என்றார் மனைவியிடம்.

"மெசினக் கேளுங்க," என்றாள் மெய்யம்மை.

"மெசினுக்கு வாயில்ல. ஒன் வேலைக்காரிக்கு இருக்குல்ல?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மயிலம்மா திரும்பினாள். "நான் ஐஸ எடுத்து என்னாங்கய்யா செய்யப்போறேன்? எனக்குப் பல்லு கூசும்."

"நீ திங்கலடி. யாருக்குக் குடுக்கிற? அதான் கேள்வி."

மெய்யம்மைக்குச் சிரிப்பு வந்தது. கணவரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் ஐஸைப் பற்றிப் பேசவில்லை. அந்த வீட்டுக்காகப் பொலிஸில் கொடுத்திருந்த பதிவில் கீழே மூன்று பேர், மேல்மாடியில் வீட்டுக்காரி பேர்ணடெற் டீச்சர் ஒருத்தி. நாலு பெயர். ஐந்தாவதாக ஒருவர் அகப்பட்டால் நாலு பேரையும் லொறியில் ஏற்றுவார்கள். ஆதப்பனுடைய விசா அன்றோடு முடிந்தது.

"அடுத்த சனிக்கிழம கொட்டாஞ்சேனையிலேர்ந்து ஷரீப் வந்து மெசினப் பாப்பான். மெசின்ல பழுது இல்லேன்னா, அன்னைக்கே இவ ஹட்டன் பஸ்ஸுல."

மயிலம்மாவின் அடையாள அட்டையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து முகவரி. கொழும்பில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் இந்த வீட்டுப் பதிவு. அப்படியொரு பதிவு இல்லாமல், கையில் பையோடு பஸ் நிலையத்தில் நின்ற அவளுடைய மாமன் மகளைப் பிடித்துப் போனவர்கள் ஆறு மாதம் விடவில்லை.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஓர் எஜமானி வேலைக்காரிக்காக இவ்வளவு மெனக்கெடுவாளா? நான் மெய்யம்மையை அளவுக்கு மீறி நல்லவளாக்குகிறேனோ?

இல்லை. அவளும் மயிலம்மாவைச் சந்தேகித்தாள். அதை முதல் பிரதியில் விட்டுவிட்டேன். கடைக்கு அனுப்பிவிட்டு அவளுடைய பாய்ச் சுருட்டை அவிழ்த்துப் பார்த்தாள். பிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பூட்டின பெட்டிக்குள்ளும் ஐஸ் மெலிந்துதான் விழுந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரம் மட்டும் உறைந்து, நடுவில் விரல் நுனி நுழையும் பள்ளம்.

"ஆச்சி, இப்பவாச்சும் நம்புறீங்களா?" என்றாள் மயிலம்மா.*

மெய்யம்மை அலுமாரியிலிருந்து கையேட்டை எடுத்தாள்.

* செட்டியார் வீட்டுப் பெண்ணுக்கு வயது முப்பதானாலும் ஆச்சிதான். யாழ்ப்பாணத்து வாசகர்கள் கிழவி என்று நினைக்கவேண்டாம்.

4

கையேடு ஆங்கிலத்தில். மெய்யம்மைக்குப் படம்தான் புரியும். அதனால் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பேர்ணடெற் டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற விதவை. முன்பெல்லாம் கதவை அகலத் திறந்து "வாரும் பிள்ளை" என்பவர், அன்று வாசற்படியிலேயே நின்று கையை நீட்டி வாங்கினார். அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"ஐஸ் மெலிஞ்சு விழுந்தால்... வடிகட்டி அடைச்சிருக்கும். கழுவ வேணும். அவ்வளவுதான்."

விரல் ஒரு வரியைத் தாண்டியதை மெய்யம்மை பார்த்தாள்.

"ரெண்டு வரி இருக்கே டீச்சர்?"

"ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை. இங்கிலீஷ்காரன் ஒண்டையே ரெண்டு தரம் சொல்லுவான்."

கதவு மூடியது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் இரண்டு வரியும் ஒரே மாதிரி இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சொன்னபடியே செய்து பார்த்தாள். அவளும் மயிலம்மாவுமாகப் பிரிட்ஜை முன்னுக்கு இழுத்தார்கள். பின்னால் வரும் மெல்லிய செப்புக் குழாயில் இருந்த குட்டித் திருகு பைப்பை மூடி, இணைப்பைக் கழற்றினால், உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வலை. அதில் கொஞ்சம் மணலும் துருவும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிப் பூட்டினாள். முதலில் விழுந்த ஐஸைக் கொட்டினாள். அடுத்தது கொழுகொழுவென்று விழுந்தது.

"ஆச்சி, கல்லு மாதிரி இருக்கு!" என்று மயிலம்மா கை தட்டினாள்.

மறுநாள் காலையில் விழுந்தது மறுபடியும் சீவல்.

5

ஞாயிற்றுக்கிழமை. ஆதப்பன் கோயிலுக்குப் போயிருந்தார். மயிலம்மா சந்தைக்கு. பேர்ணடெற் டீச்சர் மாடிக் கேட்டைப் பூட்டி, குடையை விரித்துக்கொண்டு தேவாலயப் பூசைக்குப் போவதை மெய்யம்மை சன்னலால் பார்த்தாள். வீட்டில் அவள் மட்டும்.

சமையலறைப் பைப்பைத் திறந்தாள். தண்ணீர் விரல் தடிப்பில் விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று அது நூலாக இளைத்தது. கொஞ்ச நேரத்தில் பழையபடி தடித்தது.

மேலே காலடிச் சத்தமே இல்லை.

அவள் பைப்பை மூடினாள். கணவர் சொன்னது சரிதான். வீட்டில் ஆள் இருக்கிறது. மாடிதான் வேறு.

யார் அது? நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

"வன்னியிலிருந்து வந்து கடவுச்சீட்டுக்குக் காத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையன், அறைக்குள் வெறுங்காலோடு..." நீங்கள் எதிர்பார்த்தது இவனைத்தான். அதனால் நிறுத்தினேன்.

"டீச்சரிடம் படித்தவளின் மகன், குருநாகல் சிங்களப் பையன், இராணுவத்திலிருந்து ஓடிவந்து..." இதையும் நிறுத்தினேன். இருவரில் ஒருவரைத் தெரிந்தெடுத்தால், உங்களில் பாதிப்பேர் அவரைப் பிடித்துக் கொடுக்கச் சம்மதிப்பீர்கள். எந்தப் பாதி என்பது மட்டும் மாறும். ஐஸ் கட்டிக்கு, தண்ணீர் எடுத்தவரின் பெயர் தெரியாது. எனக்கும் வேண்டாம்.

டீச்சர் திரும்பி வந்தபோது மெய்யம்மை கேட்டடியில் நின்றாள்.

"டீச்சர், நீங்க இல்லாத நேரம் மேல பைப் ஓடுச்சு."

"பழைய பைப், பிள்ளை. தானா ஓடும்."

"தானா மூடவும் செய்யுமா?"

டீச்சர் குடையை மடித்தார். மடித்த குடையை மறுபடி விரித்து, மறுபடி மடித்தார்.

"உம்மட வீட்டுக்காரருக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்ல."

"யாரெண்டு கேக்காதேயும்."

"கேக்க மாட்டேன். கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்." குரலைத் தாழ்த்தினாள். "சனிக்கிழம காலையில ஷரீப் வருவான். அவன் போற வரைக்கும் மேல சொட்டுத் தண்ணி எடுக்கக்கூடாது."

"சொல்லிப் பாக்கிறன்," என்றார் டீச்சர். சொன்ன பிறகுதான், தனியாக இருக்கும் ஒருத்தி சொல்லக்கூடாத வார்த்தை அது என்று இருவருக்கும் உறைத்தது.

6

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு: சனிக்கிழமை மேலே தண்ணீர் எடுக்கவில்லை. ஐஸ் நன்றாக விழுந்தது. எல்லாம் சுபம். இதை எழுதி முடித்து இரவு படுத்த பிறகுதான் பிழை தெரிந்தது. ஐஸ் நன்றாக விழுந்தால் மெசினில் பழுது இல்லை. மெசினில் பழுது இல்லையென்றால் மயிலம்மா ஹட்டன் பஸ்ஸில்.

நல்லவேளை, மெய்யம்மை என்னைவிடக் கெட்டிக்காரி. வெள்ளிக்கிழமையே அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. ஷரீபுக்கு ஒரு பழுது வேண்டும். அவர் கண்டுபிடித்துச் சரியாக்கக்கூடிய, யாரையும் சுட்டாத பழுது.

இரண்டாவது முடிவு: அவள் பிரிட்ஜைத் தனியாக இழுத்தாள். குட்டிப் பைப்பை மூடினாள். முன்பு கழுவிச் சுத்தமாக்கிய அதே வலையை எடுத்து, முற்றத்துப் பைப்படியில் சுரண்டிய துருவையும் மணலையும் விரலால் அப்பினாள். பூட்டினாள். கையைக் கழுவினாள். இனி ஷரீப் வருவார், அடைப்பைக் கண்டுபிடிப்பார், "இதுதான் முதலாளி" என்பார். மயிலம்மா இருப்பாள். மேலே இருப்பவரும் இருப்பார்.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. கையேட்டின் படத்தை இன்னொரு முறை பார்க்காமல் இருந்திருக்கலாம். தண்ணீர் குழாயிலிருந்து வலைக்கு வருகிறது. கொண்டுவரும் அழுக்கைக் குழாயைப் பார்த்த வெளிப்பக்கத்தில்தான் விடும். மெய்யம்மையோ அவசரத்தில் பிரிட்ஜைப் பார்த்த உள்பக்கத்தில் அப்பிவிட்டாள். தொழில் தெரிந்தவன் பார்த்தால் அது தண்ணீர் விட்ட அழுக்கு இல்லை, கை அப்பியது என்று தெரிந்துவிடும்.

திருத்தியிருப்பேன். ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் பயந்து பயந்து செய்கிறவள் அந்தப் பிழையைத்தான் விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

7

நடுவில் வகுப்பு வந்தது. தமிழாக்கத்தைக் கொடுத்தேன். ஹெக்டர் சேர் மூலத்தையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ஒரு வரி விடுபட்டிருக்கே. இங்க ரெண்டு காரணம் இருக்கு."

"ரெண்டும் ஒண்டுதான் சேர்."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எல்லாருடைய தாளையும் மேசையில் அடுக்கினார். என்னுடையதை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீர் எங்க குடியிருக்கிறீர் எண்டு சொன்னனீர்?" என்று கேட்டார்.

அவர் நல்ல மனுஷன். பஸ் காசு இல்லாதவர்களுக்குக் கொடுப்பார். என்றாலும் வீடு வரும்வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பகுதி சின்னதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

8

சனிக்கிழமை காலை. ஷரீப் தரையில் குந்தியிருக்கிறார். வலை அவர் உள்ளங்கையில். அதைத் திருப்புகிறார். மறுபடி திருப்புகிறார். மேலே சத்தமில்லை.

(ஷரீப் எப்படிப்பட்டவர்? வேலைக்காக வீடு வீடாகப் போகிறவர்களிடம் சீருடை இல்லாத பொலிஸார் சிலர் வந்து விசாரிப்பதாக ஒரு பேச்சு உண்டு. அவரிடமும் வந்தார்களா? நான் எழுதவில்லை.)

"இதை முந்தி யாராச்சும் களட்டினாங்களா ஆச்சி?" என்று கேட்கிறார்.

"இல்லையே," என்கிறாள் மெய்யம்மை. அவளுடைய வலது கைச் சுட்டுவிரல் நகத்தில் இன்னும் துரு இருக்கிறது. ஷரீப் அந்த விரலைப் பார்க்கிறார். பிறகு சமையலறைக் கூரையைப் பார்க்கிறார்.

வாசலில் மயிலம்மாவின் பை, கட்டி வைத்தபடி. அதன் பக்கத்தில் அவள்.

"என்ன ஷரீப், காரணம் என்ன?" என்கிறார் ஆதப்பன்.

அட்டவணையைக் கீழே வரைந்திருக்கிறேன். முதல் கட்டத்தை நான் நிரப்பிவிட்டேன். பேனை உங்களிடம். எழுதும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறை: ஐஸ் மெலிந்து விழுகிறது.

காரணம்:

செய்ய வேண்டியது: