பெட்டி மூடுமுன்

கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளிருந்த மெமரி பட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான் கிளமென்ட். அவன் முதுகுக்குப் பின்னால், கூடத்தின் நடுவே, வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டிக்குள் அப்பா ஞானாபரணம் வெள்ளை வேட்டி சட்டையோடு படுத்திருந்தார். அடக்க ஆராதனை நாலு மணிக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"கண்ணு, ஆச்சா?" பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஜெபமணி கேட்டாள்.

"இந்தா ஆச்சும்மா."

காலையிலிருந்து இதையேதான் சொல்கிறான். ஆகத்தான் மாட்டேன் என்கிறது. போட்டால் ஒழுங்காகத்தான் எழுந்து வருகிறது. கனடாவில் இருக்கும் அண்ணன் ஸ்டீவைக் கூப்பிட்டு, அவன் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற நேரம் பார்த்து, பொசுக்கென்று திரை முழுக்க நீலமாகிவிடுகிறது. அதில் ஒரு சோக மூஞ்சி வேறு. உங்கள் கணினியில் ஏதோ கோளாறு, மறுபடி தொடங்குகிறோம் என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு சமாதானம்.

"ஏஞ்சாமி, அதுகூட மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிச்சு பாரு" என்றாள் அப்பாவின் தங்கை ரெபேக்கா அத்தை. அழுது வீங்கிய முகத்தோடு அவள் அதைச் சொன்னதும் இரண்டு பேர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஸ்டீவால் வர முடியாது. விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. காலையில் போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா மூஞ்சிய நான் பாக்கோணும், என்ற மூஞ்சிய அம்மா பாக்கோணும். அதுக்கு முன்னால மூடிப்போடாதீங்கடா."

போனிலேயே காட்டலாம்தான். காட்டியும் பார்த்தான் கிளமென்ட். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், "இதுல வெறும் வெளிச்சந்தான் கண்ணு தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெரிய திரையில்தான் அவளுக்கு மகன். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் அப்பா அவளை அதன் முன்னால் உட்கார வைத்து, "இந்தா உன்ற மவன்" என்று ஸ்டீவை வரவழைப்பார். சூலூருக்கும் திருப்பூருக்கும் நடுவே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்ற மனுஷன், இதற்கென்றே மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

"அவன் பாக்காம மூட உடமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் யாராவது சமாதானப்படுத்தியிருப்பார்கள். மெதுவாகச் சொன்னாள்.

கிளமென்ட்டுக்கு உள்ளூர எரிச்சலும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது இவன். பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிவிட்டது இவன். ஆனால் பெட்டி காத்துக் கிடப்பது அவனுக்காக. இப்படி நினைத்த மாத்திரத்தில் சீ என்று ஆகிவிட்டது.

மெமரியைச் சொருகிப் பட்டனை அழுத்தினான். ஸ்டீவ் வந்தான். "அம்மா..." என்றான். அம்மா தடுமாறி எழுந்தாள். நீலம்.

"அட கருமமே!" என்று மேசையைக் குத்தினான் கிளமென்ட்.

வாசலில் பாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடக்கப் பெட்டியோடு வண்டியும் வந்து நின்றுவிட்டது.

மறுபடி போட்டான். இந்த முறை அண்ணனைக் கூப்பிடாமல் சும்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு டியூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. பின்னால் ஃப்ரீசர் பெட்டி உறுமிக் கிளம்பியது. திரை நீலமானது.

கோளாறு கணினியில் இல்லை. பழைய வீடு, கூடத்துக்கே ஒரே லைன். பெட்டியின் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மின்சாரத்தை இழுத்துக்கொள்கிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய யூ.பி.எஸ் செத்து எத்தனையோ மாதம். ஆக, இத்தனை நேரமும் அண்ணனைத் துரத்திக்கொண்டிருந்தது அப்பாதான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"ரசாக் அண்ணா, உங்க ஊட்டுல இருந்து ஒரு ஒயர் இழுக்கலாமுங்களா?"

"தாராளமா இழுத்துப்போடலாம் தம்பி" என்றார் எதிர்வீட்டு ரசாக். "ஆனா ரோட்டத் தாண்டி வரோணுமே. அத்தன நீளத்துக்குக் கடைக்குத்தான் போகோணும். சித்த இருங்க, வண்டிய எடுக்கறேன்."

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் எதுக்குங்க" என்றாள் அம்மா. "இந்தப் பெட்டிய அணைச்சுப்போடு."

"அண்ணி, வெயில் நேரம், ஒடம்பு..." என்று தொடங்கிய ரெபேக்கா அத்தை மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

"சித்த நேரந்தானே அம்மணி. மவன் பாக்கறதுக்குன்னா அவரு வேண்டாம்பாரா?"

கிளமென்ட் சுவிட்சில் விரலை வைத்தான். அழுத்த முடியவில்லை. அப்பாவையே அணைப்பது போலிருந்தது. அம்மா சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள். உறுமல் நின்றது.

அவனும் ரசாக்கும் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். அண்ணனை மறுபடி கூப்பிட்டுவிட்டு, கேமராவை அதன் ஒயரோடு இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான் கிளமென்ட்.

திரை நிறைய ஸ்டீவ். அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, அவன் முகத்தைப் பிடித்துவிட்டாள்.

"என்ற சாமி, இளைச்சுப்போயிட்டியே!"

அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாஸ்டர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்தார். நீலம் வரவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அம்மா" என்றான் ஸ்டீவ். குரல் சின்னப்பையன் குரல்போல இருந்தது. "அப்பாவுக்கு வேர்க்குதும்மா."

கிளமென்ட் குனிந்து பார்த்தான். நெற்றியிலும் மேலுதட்டிலும் பொடிப்பொடியாக நீர். குளிர்ந்த உடம்பில் வெளிக்காற்றுப் பட்டால் அப்படித்தான் ஆகும்.

அம்மா கையால் தடவி அறிந்து, முந்தானையால் அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். கழுத்தையும் துடைத்தாள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"கிளமென்ட்டு, அந்த ஃபேனச் சித்த வேகமா வெச்சு உடு."

கேமராவை ரசாக்கின் கையில் கொடுத்துவிட்டு அவன் போய் ரெகுலேட்டரைக் கடைசிவரைக்கும் திருகினான்.