கேமராவுக்குப் பிடித்த முகம்

பைக் விபத்துக்குப் பிறகு டெரிக்குக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. ஆன்லைன் வகுப்பில் பழக்கமான நிலாவுக்கு அவன் அனுப்பும் மெசேஜெல்லாம் அம்மா ஐரினின் விரல் வழியாகத்தான் போயாக வேண்டும். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளும் வசதி போனில் இருக்கத்தான் செய்தது. ஆனால் மயிலாப்பூரில் அவர்கள் இருந்த போர்ஷனில் அடுப்படியில் கரண்டி விழுந்தால் தெருவுக்குக் கேட்கும்.

ஐரின் ரிட்டயரான தமிழ் டீச்சர். பிள்ளை சொன்னதை அப்படியே அடிக்க அவளுக்குக் கை வராது. கடைசியில் 'செபத்தில் நினைத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்துத்தான் அனுப்புவாள். சாமியாருக்குப் படிக்கிறீர்களா என்று நிலா ஒருநாள் கேட்டேவிட்டாள். அதையும் ஐரின்தான் பெருமையோடு வாசித்துக் காட்டினாள்.

அதனால் கோபாலபுரத்து மாற்றுத்திறனாளிகள் உதவி மையத்திலிருந்து சைஃப் இரண்டு கருவிகளோடு வந்தபோது டெரிக் கேட்டது ஒன்றுதான்: அம்மா கண்ணில் படாமல் நிலாவுக்கு ஒரு வரி. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றான் சைஃப்.

முதலாவது, மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கொள்வது. தலை போகிற பக்கம் லேப்டாப்பில் அம்பு போகும். ஓரிடத்தில் நிறுத்தினால் அதுவே கிளிக். கொஞ்ச நேரத்தில் டெரிக் திரையில் தெரிந்த எழுத்துப்பலகையில் தன் பெயரை அடித்துவிட்டான். காபி வேணுமா என்று ஐரின் கேட்க, அவன் பழக்கதோஷத்தில் தலையாட்டினான். அம்பு திரையெல்லாம் கூத்தடித்து, விளம்பரம் ஒன்றில் போய் நின்று, பிரஷர் குக்கர் வாங்கப் பார்த்தது. அது நல்ல கம்பெனியா என்று ஐரின் விசாரித்தாள்.

"இனிமே வாயால சொல்லு நைனா," என்றான் சைஃப்.

மற்றபடி கண்ணாடியில் குறையில்லை. டெரிக்கின் தோளுக்குப் பின்னால் நின்ற ஐரின்தான், அவன் அடிப்பதையெல்லாம் வாய்விட்டு வாசித்து, இன்னும் கொஞ்சம் மரியாதையாக எழுதலாமே என்றாள்.

இரண்டாவது, லேப்டாப் மேல் மாட்டும் கேமரா. முகத்தைத் தேடிப் பிடித்து, மூக்கு நகர்ந்தால் அம்பை நகர்த்தும். டெரிக் எவ்வளவு தலையைத் திருப்பியும் அம்பு அசையவில்லை. சைஃப் ஒயரைப் பிடுங்கி மாட்டினான். பிறகுதான், பிடித்த முகத்தைச் சுற்றி விழும் பச்சைக் கட்டத்தைத் திரையில் கவனித்தான். அது டெரிக்குக்குப் பின்னால், சுவரில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தின் மேல் இருந்தது.

இதை எப்படிச் சொல்வதென்று சைஃபுக்குத் தெரியவில்லை. "ஆன்ட்டி, கேமரா அவரைத்தான் பாத்துக்கினு கீது."

பார்க்கட்டுமே, நல்லதுதானே என்றாள் ஐரின். படத்தைக் கழற்ற விடவில்லை. துணி போட்டு மூட, சர்ச்சில் சிலைகளை மூடி வைக்கும் தவக்காலமா இது என்று கேட்டாள்.

ஆகவே டெரிக்கின் நாற்காலியையும் மேஜையையும் திருப்பிப் போட்டார்கள். இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் கதவு. அம்பு சமத்தாக ஓடியது. ஐரின் வந்து எட்டிப் பார்த்தாள். பச்சைக் கட்டம் தாவி அவள் முகத்தில் உட்கார்ந்தது. அவள் தலையசைத்து வாசிக்க வாசிக்க, டெரிக் அடித்த வரி அழிந்தது.

"நீங்க அங்க நின்னா அது உங்க பேச்சைத்தான் கேக்கும் ஆன்ட்டி," என்றான் சைஃப். அவள் தள்ளி நின்றாள். கட்டமும் கூடவே போனது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கேமரா ஒரே தகராறு, கண்ணாடிதான் சரி என்று சைஃப் பெட்டியை எடுத்தான்.

"கேமராவ விட்டுட்டுப் போ மச்சி," என்றான் டெரிக்.

"லூசா நீ? யார்னா பின்னாடி வந்தாலே கெட்டுப்பூடும்."

"அதான் வேணும். போறப்போ கதவைச் சாத்து."

சைஃப் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். கண்ணாடியைப் பெட்டியில் வைத்தான். வெளியே வந்து கதவைச் சாத்தியதும், காபி டம்ளரோடு எதிரே ஐரின்.

"உள்ள என்ன பண்றான்?"

"மெஷின் அவன் மூஞ்ச பழகுது ஆன்ட்டி. டைம் ஆவும்," என்று சொல்லி, டெரிக்கின் காபியை சைஃப் வாங்கிக்கொண்டான்.