பதினொரு வாசக்கால்கள்

2013 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்த வெடி மந்தாரக்குப்பத்து ஜன்னல்களை எல்லாம் ஓர் உலுக்கு உலுக்கி அடங்கியபோது, பிரிண்டர் ரிப்பேர் கடை வினோலியாவின் மேஜைமேல் இரண்டு வேப்பங்கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தி, பொருந்திய இடத்தில் மூன்று இலைகள் விட்டன. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

கட்டைகளை வெட்டியது ஒரு மெஷின். அவள் அதைச் செய்யக் கிளம்பியதற்குக் காரணம் அதே மேஜைதான். இரண்டு வருடத்துக்கு முன் தச்சர் சிங்காரவேல் செய்து கொடுத்தது. நாலு காலும் நாலு பக்கம் பார்த்தன. கேட்கப் போனவளிடம் அவர், "பிரிண்டரப் பத்தி நீ பேசும்மா, மரத்தப் பத்தி நான் பேசறேன்" என்றார். வினோலியா நேரே கடைக்குத் திரும்பினாள். கடையில் செத்துக் கிடந்த ஜெராக்ஸ் மெஷின்களையும் பிரிண்டர்களையும் பிரித்து மோட்டார்களை எடுத்தாள். யாரோ சமையலறையை இடித்தபோது தூக்கிப் போட்ட கிரானைட் பலகை அடித்தளமானது. மரை போட்ட இரும்புக் கம்பி, டிராயரில் மாட்டும் தண்டவாளம், மரம் குடையும் ரூட்டர், சென்னையிலிருந்து கூரியரில் வந்த உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு எல்லாம் சேர்ந்தன. கம்ப்யூட்டரில் கோடு வரைந்தால் போதும், ரூட்டர் தானே நகர்ந்து ஒரு கட்டையில் நாக்கையும் மறு கட்டையில் அந்த நாக்கு நுழையும் துளையையும் வெட்டும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

வெட்டியது என்னவோ உண்மை, பொருந்தவில்லை. ஒன்று தொளதொளத்தது, இல்லாவிட்டால் நுழையவே மறுத்தது. எட்டு மாதம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. தினமும் மத்தியானம் வெடி வெடிக்கும்போது தரை உதறி, கத்தி ஒரு மயிரிழை விலகிப் போனது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவைத்திருப்பார்கள். வினோலியா நிறுத்தவில்லை. வெடி கத்தியை எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு எதிர்ப்பக்கம் அதுவே நகர்ந்துகொள்ளும்படி புரோகிராமைத் திருத்தி எழுதினாள். "அது நமக்காக நிக்காது, நாம எதுக்கு அதுக்காக நிக்கணும்?" என்பது அவள் கட்சி. அதற்குப் பிறகு முக்கியமான வெட்டுகளை வெடி நேரத்தில்தான் வைத்துக்கொண்டாள். அப்படி வெட்டிய முதல் இணைப்புதான் இலை விட்டது. தான் வெட்டுப்பட்டதையே மரம் மறந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. வினோலியாவைக் கேட்டால், எல்லாம் அளவு சரியாக இருந்ததுதான் என்பாள். சிங்காரவேல் வந்து இணைப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. ஓர் இலையைக் கிள்ளி மென்றார், கசந்தது.

2015இல் சின்ன ஏந்தல் என்ற ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்தார்கள். முப்பது வீடு. அதில் ஒன்று வீரம்மாளுடையது. இருபது வருடம் நடவு நட்டு, கதிர் அறுத்து, ஒற்றை ஆளாக நின்று கட்டிய இரண்டு அறை. இடித்த அன்று அவள் வாசக்காலை மட்டும் பெயர்த்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அவசரத்தில் கடப்பாரை போட்டதில் நாலு மூலையிலும் நாக்கு முறிந்திருந்தது. சிங்காரவேல் பார்த்துவிட்டு, அடுப்புக்குத்தான் ஆகும் என்றார். "அடுப்புக்குன்னா கருவமுள்ள வெட்டிக்கினு வந்திருக்க மாட்டனா? இதத் தூக்கிக்கினு வர எனக்கென்னா பைத்தியமா?" என்றாள் வீரம்மாள். அவரே வண்டியில் ஏறி வந்து வினோலியா கடையைக் காட்டிவிட்டார்.

மறுநாள் வெடிக்கு நாலு மூலைக்கும் புது நாக்கு வெட்டி முடித்தார்கள். கால்வாயை ஒட்டிய புறம்போக்கில் வாசக்காலை நட்டார்கள். பின்னால் கருவேலம் புதர், அதற்கும் பின்னால் பேருந்து நிறுத்தம். வீரம்மாள் வலது காலை எடுத்து வைத்து, குனிந்து நுழைந்தாள். மறுபக்கம் வரவில்லை. அரை மணி கழித்து, மடி நிறைய முருங்கைக்கீரையோடு வெளியே வந்தாள். அவள் வீட்டு முருங்கை நின்ற இடத்தை முந்தின நாளே சுரங்கத்துக்குத் தோண்டிவிட்டிருந்தார்கள்.

"உள்ள என்னக்கா இருக்கு?" என்று கேட்டாள் வினோலியா.

"என் வூடு இருக்குது. வேற என்னா இருக்கும்? மேக்கால ஒரு ஓடு ஒடஞ்சிருக்குது. அது போன வருசமே ஒடஞ்சது."

அடுத்த மூன்று வருடத்தில் அந்தப் புறம்போக்கில் பதினொரு வாசக்கால்கள் நின்றன. மற்ற பத்தொன்பது வீட்டுக்காரர்கள் தங்களுடையதை ஏற்கெனவே விறகுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வருத்தம் அவர்களுக்குத் தீரவே இல்லை. தபால்காரர் கொளஞ்சிநாதனுக்கு இருந்த ஒரே சிக்கல் பழைய முகவரியா புதியதா என்பது; பழையதே இருக்கட்டும் என்று முடிவு செய்து, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். கோழிகள் உள்ளே போய் முட்டையிட்டன. ஐந்தாவது வாசலில் ஒரு கல்யாணம் நடந்தது. இருநூறு பேர் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

2018 மாசியில் சாலையை அகலப்படுத்த ஜெயராமன் என்ற அதிகாரி வந்தார். ஆக்கிரமிப்புப் பட்டியலில் அவர் எழுதியிருந்தது: மரச் சட்டம், பதினொன்று. வாசக்கால் பெயர்ந்தால் வீடு போய்விடும் என்பது பதினொரு குடும்பத்துக்கும் தெரியும். வீரம்மாள் முதல் வாசலின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க வீடே இல்லம்மா. வெறும் மரம்."

"வெறும் மரத்த எடுக்க எதுக்கு சார் ஜேசிபி?"

ஜெயராமன் சங்கிலியை மாட்டச் சொன்னார். கூட்டத்தில் இருந்த சிங்காரவேல் தடுக்கப் பாய்ந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியது வினோலியா. வீரம்மாளையும் எழுப்பி ஓரமாகக் கூட்டி வந்தாள்.

"இழுங்க சார். நான் போட்ட ஜாயிண்டு அது. நல்லா இழுங்க."

ஜேசிபி இழுத்தது. பின்சக்கரங்கள் மண்ணைத் தோண்டின. வாசக்கால் முனகக்கூட இல்லை. இரண்டாம் முறை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மத்தியான வெடி வெடித்தது. சாலை உதறியது, கால்வாய்த் தண்ணீர் கரையேறி இறங்கியது, ஜெயராமனின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. பதினொரு வாசக்கால்கள் மட்டும் அசையவில்லை. அவை அந்த அதிர்ச்சியைக் கணக்கில் எடுத்து வெட்டப்பட்டவை. சங்கிலி அறுந்து ஜேசிபியின் மேல் விழுந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"சார், இது மரத்தோட வெயிட்டு இல்ல. பின்னாடி ஊரு மாட்டிக்கினு இருக்குது. என்னால ஊர இழுக்க முடியாது."

ஜெயராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாசக்காலின் மேல்மூலையில் இரண்டு துளிர்கள் இருந்தன. உள்ளிருந்து குழம்பு தாளிக்கும் வாசனை வந்தது. கையிலிருந்த படிவத்தில் 'குடியிருப்பு: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. நேரில் பார்க்காமல் அதை நிரப்பக்கூடாது என்பது விதி; அவர் விதியை மீறாத மனிதர். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, குனிந்து, ஒரு காலைத் தூக்கினார்.

வீரம்மாள் அந்தக் காலைப் பார்த்துச் சொன்னாள்: "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க சார். ஆளு குடியிருக்கிற வூடு."